அமெரிக்க வன்மரப் பலகை ஏற்றுமதிச் சந்தைகள்

அமெரிக்க வன்மரப் பலகை ஏற்றுமதி என்பது ஐக்கிய அமெரிக்காவின் காடுகளில், பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களில், வளரும் அகன்ற இலை மரங்களை அறுத்து, உலர்த்தி, தரம் பிரித்து வெளிநாடுகளுக்கு விற்கும் வணிகம் ஆகும். சிவப்பு ஓக், வெள்ளை ஓக், வால்நட், செர்ரி, மேப்பிள், ஆஷ், டியூலிப் மரம் ஆகியவை இதில் முதன்மையானவை. வன்மரம் என்ற சொல் கடினத்தைக் குறிப்பதன்று. நகத்தால் கீறக்கூடிய பால்சாவும் தாவரவியலில் வன்மரமே.

தரமும் அளவும்

கடலுக்கு அப்பால் இருப்பவர் மரத்தைப் பார்க்காமலே வாங்க வேண்டியிருப்பதால் பொது அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது. 1898இல் தொடங்கப்பட்ட தேசிய வன்மரப் பலகைச் சங்கத்தின் விதிகளே இன்றும் பயன்படுகின்றன. முதல் தரமான 'எஃப்.ஏ.எஸ்.' பலகை குறைந்தது 6 அங்குல அகலமும் 8 அடி நீளமும் கொண்டிருக்க வேண்டும். அதன் பரப்பில் 83⅓ விழுக்காடு முடிச்சு, வெடிப்பு போன்ற குறைகள் அற்ற துண்டுகளாகக் கிடைக்க வேண்டும். 'நம்பர் 1 காமன்' தரத்துக்கு 66⅔ விழுக்காடு போதும். விலை 'போர்டு அடி' கணக்கில் பேசப்படுகிறது. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்டது ஒரு போர்டு அடி.

ஒரே மரத்தடியிலிருந்து பல தரங்களும், ஒரே காட்டிலிருந்து பல இனங்களும் வரும். ஆகவே உயர்ந்ததை மட்டும் அறுத்து விற்க ஆலைகளால் முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாங்குநர் வேண்டும்.

சீனா

யாங்சி ஆற்றின் 1998ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் சீனா தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 2001இல் அந்நாடு உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. வட கரொலைனா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் அறைக்கலன் தொழிற்சாலைகள் மூடப்பட, அவற்றின் வேலை ஆசியாவுக்குச் சென்றது, பலகையும் பின்தொடர்ந்தது. அது அலமாரியாகவும் கட்டிலாகவும் அமெரிக்கக் கடைகளுக்கே திரும்பி வந்தது. பின்னர் சீனாவின் உள்நாட்டுத் தேவையும் பெருகியது. 2017 அளவில் ஏற்றுமதி மதிப்பில் ஏறத்தாழப் பாதி சீனாவுக்கே சென்றது.

இந்தச் சார்பின் விலை விரைவில் தெரிந்தது. வணிகப் போரின்போது, 2018 செப்டம்பரில் சீனா இப்பலகைகளுக்குக் கூடுதல் இறக்குமதி வரி விதித்தது. 2019 ஜூனில் அது 25 விழுக்காடு வரை உயர்ந்தது. சீனாவையே பெரிதும் நம்பியிருந்த சிவப்பு ஓக்கின் விலை சரிந்தது. சோயா உழவர்களுக்கு அமெரிக்க அரசு நேரடி இழப்பீடு வழங்கியது; அத்திட்டத்தில் மர அறுவை ஆலைகளுக்கு இடமில்லை. 2020இல் சீனா வரிவிலக்கு கோர வழி திறந்தபோது வணிகம் ஓரளவு மீண்டது. 2025 மார்ச்சில் பூச்சிகளைக் காரணம் காட்டி அமெரிக்க மரத்தடி இறக்குமதியையும் சீனா நிறுத்தி வைத்தது.

பிற சந்தைகள்

வியட்நாம் டியூலிப் மரத்தைப் பெருமளவில் வாங்குகிறது. எடை குறைந்த, வண்ணப்பூச்சை நன்கு ஏற்கும் மரம் இது. ஆனால் அங்கு செய்யப்படும் அறைக்கலன்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே செல்வதால், இதை முற்றிலும் தனிச் சந்தை என்று சொல்வது கடினம். அண்டை நாடுகளான கனடாவும் மெக்சிகோவும் நிலையான வாங்குநர்கள்.

ஐரோப்பாவில் வெள்ளை ஓக்குக்கு மதிப்பு அதிகம். அதன் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் நீர் புகாது. சிவப்பு ஓக்கின் குழாய்கள் திறந்தவை. சிறு துண்டின் ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். பூர்பன் விஸ்கி பீப்பாய்க்கும் வெள்ளை ஓக்கே தேவை என்பதால், பலகை வணிகர்கள் பீப்பாய் செய்வோருடன் போட்டியிட வேண்டியுள்ளது.

2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு காரணமாக, ஆஷ் பலகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கட்டுப்பாடுகள் விதித்துள்ளது. காடழிப்பைத் தடுக்கும் அதன் புதிய சட்டம், மரம் வளர்ந்த நிலத்தின் புவி ஆயங்களையும் கேட்கிறது. அமெரிக்க வன்மரக் காடுகளில் பெரும்பகுதி சிறு குடும்பங்களின் உடைமை. பல தோட்டங்களின் தடிகள் ஒரே ஆலை முற்றத்தில் கலந்து கிடக்கின்றன.