நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குப் பெரட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே களத்தில் போய் நிற்க வேண்டும். கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பெயரைக் கூப்பிடுவார். "வந்தேங்கய்யா!" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். யார் குரல் என்பது அவருக்குத் தெரியும். சம்பள நாளில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு: கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பெருவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைக்க வேண்டும்.

இன்று உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் வங்கிக் கணக்கையோ ஊழியர் சேமநிதிக் கணக்கையோ திறக்கிறார்களே, அங்கே எதிரில் இருப்பது கிராணியார் அல்ல, இயந்திரம். அதற்கு உங்கள் குரலும் தெரியாது, முகமும் தெரியாது. வேறு ஒருவன் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் அது என்ன செய்யும்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. செந்தூலில் என் தம்பி வீட்டுக் கூடத்தில் வந்தது. ஒரு காலத்தில் இரயில்வே பட்டறையால் பெயர்பெற்ற அந்தச் செந்தூலில்தான், எங்கள் தோட்டம் வீட்டு மனைகளாக மாறியபோது பல குடும்பங்கள் வந்து குடியேறின. லயம் போய் அடுக்குமாடி வந்தாலும், தோட்டத்தில் வைத்திருந்த மரண சகாயச் சங்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. மாதச் சந்தா, அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், அதைக் காக்க ஒரு செயலாளர். கணினி படித்த என் தம்பி மகன் அந்த நோட்டுப் புத்தகத்தை இணையத்தில் ஏற்றிவிட்டான்.

"அத்தை, பாருங்க! யார் எத்தனை மாசம் கட்டியிருக்காங்கன்னு வீட்டிலிருந்தே பார்க்கலாம்."

பார்த்தேன். சந்தா மட்டுமா தெரிந்தது? ஒவ்வொருவர் அடையாளக் கார்டு எண், வீட்டு விலாசம், இறந்தால் பணம் யாருக்கு என்கிற வாரிசின் பெயர், எல்லாம் திறந்த வீடாகக் கிடந்தன. "பூட்டு எங்கேடா?" என்றேன். தலையைச் சொறிந்தான்.

பூட்டுப் போட அவனுக்கு 3 வாரம் பிடித்தது. பக்கம் கட்டியதோ 2 நாளில்! அந்த 3 வாரத்தில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். வங்கியின் கதவும் ஏறக்குறைய இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

முதலில் அவன் செய்தது, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தது. இது பெரிய பிசகு. கணினிக்கு பாஸ்வேர்டு வைக்கும் வழக்கம் 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழுவினர் பலர் பங்கிட்டுக்கொள்ளும் கணினி ஒன்றை அமைத்தபோது வந்தது. சில ஆண்டுகளில் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. தினசரி அறிவிப்பு வரவேண்டிய இடத்தில், இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோர் கண்ணுக்கும் வந்துவிட்டது! எழுதி வைத்தது என்றைக்காவது ஒருநாள் வெளியே வராமல் இருக்குமா?

அப்படியானால் எழுதி வைக்காமல் சரிபார்ப்பது எப்படி? அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாயும் மல்லியும் சீரகமும் வைத்து அரைக்கிறீர்கள். அரைத்த மசாலாவை மறுபடி மிளகாயாகவும் மல்லியாகவும் பிரிக்க முடியுமா? இயந்திரமும் உங்கள் பாஸ்வேர்டை அரைத்து, விழுதை மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் தட்டியதை மறுபடி அரைத்து, இரண்டு விழுதும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றானால் கதவு திறக்கும். பாஸ்வேர்டு என்னவென்று அதற்கே தெரியாது.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. பத்துப் பேர் 123456 என்று வைத்தால் பத்து விழுதும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்த திருடனுக்குப் பத்தும் கிடைத்துவிடும். ஆகவே அரைப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கலவை ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதற்கு அந்தத் தொழிலில் என்ன பெயர் தெரியுமா? உப்பு! நான் கட்டிச் சொல்லவில்லை, அவர்கள் வைத்த பெயரே அதுதான். ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்ற இருவர் 1979-ல் இந்த முறையை விளக்கி எழுதினார்கள். அரைப்பதையும் வேண்டுமென்றே மெதுவாகத்தான் செய்வார்களாம். உங்களுக்கு ஒரு கண்சிமிட்டல் நேரம் தாமதம்; கோடிக்கணக்கில் அரைத்துப் பார்க்க வேண்டிய திருடனுக்கோ மாதக்கணக்கில்.

இதிலிருந்து ஒன்றை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் கட்டிய எந்த இடத்திலும் உங்கள் பாஸ்வேர்டு யாருக்கும் தேவையில்லை. "சரிபார்க்க வேண்டும், சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டால், அவர் பேச்சு எத்தனை மரியாதையாக இருந்தாலும், சரிபார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை.

சரி, பாஸ்வேர்டையே ஒருவன் ஏமாற்றி வாங்கிவிட்டால்? அதற்குத்தான் இரண்டாவது அத்தாட்சி. உங்கள் மனத்தில் இருப்பது ஒன்று, கையில் வைத்திருப்பது ஒன்று, உடம்பிலேயே இருப்பது ஒன்று என்று அத்தாட்சியை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. 1948-ல் அவசரகாலம் வந்தபோது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கெல்லாம் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு வந்தது. அந்த ரேகை 2001-ல் வந்த மைகார்டில் சில்லுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் பால்மரம் வெட்டித் தேய்ந்த விரல்களை இயந்திரம் சில வேளை ஏற்க மறுப்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள். உழைத்த கைக்கு அது தரும் மரியாதை அவ்வளவுதான் போலும்!

கையில் இருப்பதற்கு உதாரணம் கைப்பேசி. வங்கிகள் எஸ்.எம்.எஸ். வழி அனுப்பிய ஆறு இலக்க டேக் நம்பரை நீங்கள் அறிவீர்கள். அதையும் திருடினார்கள். வீடு துப்புரவுக்கு ஆள் அனுப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள் என்று ஆசை காட்டினார்கள். இறக்கியபின் அந்தச் செயலி உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். இப்படிப் பலர் பணம் இழந்த பிறகுதான், 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, எஸ்.எம்.எஸ். எண்ணைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. ஒரு கணக்கை ஒரே ஒரு கைப்பேசியில்தான் அங்கீகரிக்கலாம். புதிதாகப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். வங்கிச் செயலி இப்போது "இன்னாருக்கு இத்தனை வெள்ளி, சம்மதமா?" என்று கேட்கிறதல்லவா? அவசரத்தில் சம்மதம் என்று தட்டிவிடாமல் பெயரையும் தொகையையும் படியுங்கள். அப்படியும் பணம் போனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உடனே உங்கள் வங்கியையோ, அதே ஆண்டு தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ கூப்பிடுங்கள்.

தம்பி மகனும் சங்கத்துப் பக்கத்தில் இரண்டாவது பூட்டைப் போட்டான். ஐந்து முறை தவறாகத் தட்டினால் கொஞ்ச நேரம் கதவு அடைத்துக்கொள்ளவும் செய்தான். எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது மூன்றாம் மாடிப் பாட்டி வந்தார்.

"தம்பி, நீ குடுத்த அந்தச் சொல்லை மறந்துட்டேன்பா."

மறந்தவருக்கு வழி வேண்டுமே! கைப்பேசிக்குப் புதிய எண் அனுப்பலாம் என்றான். பாட்டியின் பழைய எண் முன்கட்டண எண். பணம் போடாமல் காலாவதியாகிவிட்டது. அந்த எண் இப்போது வேறு யார் கையில் இருக்கிறதோ? அங்கே அனுப்பினால் பாட்டியின் கதவை நாமே அந்நியருக்குத் திறந்துவிட்டதாகும். (உங்கள் வீட்டில் எண் மாறியிருந்தால் வங்கியிலும் சேமநிதியிலும் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.) பிறந்த ஊர், தாயார் பெயர் என்று கேள்வி கேட்கலாமா? லயத்தில் யாருடைய தாயார் பெயர் யாருக்குத் தெரியாது!

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா சந்தா கட்டுறேன். என் முகம் தெரியாதா இதுக்கு?"

இரண்டு நாள் யோசித்தான். பிறகு, மறந்தவருக்கு வழிவிடும் பொத்தானையே எடுத்துவிட்டான். மாதத்தின் முதல் ஞாயிறன்று செயலாளர் சந்தா வாங்க உட்காருவார். பாஸ்வேர்டை மறந்தவர்கள் அடையாளக் கார்டோடு நேரில் வரவேண்டும், அவர் பார்த்துப் புதியது கொடுப்பார் என்று ஏற்பாடு. அந்த ஞாயிறு பாட்டி முதல் ஆளாகப் போய் நின்றாராம். செயலாளர் கார்டைக் கேட்டதற்கு, "காட்டுறேன், நீயும் உன் கார்டைக் காட்டு" என்றாராம். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினாராம்.