நடுகல்வழிச் சிந்தனைத்திறன் கற்பித்தல்: எடத்தனூர் நடுகல்லும் மின்னணுக் கருவிகளும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னணுக் கருவிகள் மாணவர்க்கு விடைகளை விரைந்து தருகின்றன. அவ்விடைகளைச் சான்றுகொண்டு சோதிக்கும் பயிற்சி வகுப்பறையில் குறைவாகவே நிகழ்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கண்டறியப்பட்ட பல்லவர் கால நடுகல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்பயிற்சியை மேல்நிலை, இளங்கலை வகுப்புகளில் அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிந்தனைத்திறன், நடுகல், எடத்தனூர், மகேந்திரவர்மன், மின்னணுக் கருவிகள், மதிப்பீடு.

முன்னுரை

திருவண்ணாமலை மாணவர்க்குக் கல்வெட்டு புதிதன்று. அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் அதனை நாளும் கண்டு செல்கின்றனர். ஆயினும், வகுப்பறையில் வரலாறு பெயரும் ஆண்டுமாகச் சுருங்கிவிடுகிறது. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்கள் கியூஆர் குறியீடுகள் வழியே காணொளிகளைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தன. இது பெரும் வசதி. எனினும், மனப்பாடத்தின் இடத்தில் காணொளி அமர்ந்தமையால் மட்டும் சிந்தனை வளர்ந்துவிடாது.

பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த கற்றல் நோக்கங்களை ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் 2001இல் திருத்தியமைத்தனர். அவ்வரிசையில் நினைவுகூர்தல் முதற்படி. பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் ஆகியவை மேற்படிகள். வரலாற்றறிஞர் ஆவணத்தைப் படிக்கும் முறையை ஆராய்ந்த சாம் வைன்பர்க் 1991இல் மூன்று செயல்களைச் சுட்டினார். சான்றின் மூலத்தை அறிதல், காலச்சூழலில் வைத்து நோக்குதல், பிற சான்றுகளோடு ஒப்பிடுதல் என்பன அவை. இம்மூன்றையும் பயிற்றுவிக்க ஒரு நடுகல் போதுமானது.

சான்று

செங்கம் வட்டார நடுகற்களைத் தொகுத்து இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்டது. இவ்வட்டாரக் கற்களுள் எடத்தனூர் நடுகல் பெரிதும் அறியப்பட்டது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல், எருமைகளின் பொருட்டு உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. கோவிவன் என்னும் அவன் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்த செய்தியும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

கற்பித்தல் படிகள்

முதற்படி தேடுதல். 1972ஆம் ஆண்டு நூலில் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. இன்று எடத்தனூர் தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ளது. பழைய நிருவாகப் பெயரை அறியாத மாணவர், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் போன்ற தளங்களில் தேடினும் உரிய பதிவைத் தவறவிடக்கூடும். எனவே, தேடுசொல்லைத் தெரிவதும் வரலாற்றறிவின் ஒரு கூறே என்பதை இப்படி உணர்த்துகிறது.

இரண்டாம் படி, கூற்றையும் உய்த்துணர்வையும் பிரித்தல். இதனை ‘நாய்க்கு எடுத்த நடுகல்’ என்றும், நாயும் இறந்தது என்றும் கூறும் இணையப் பதிவுகள் பல. கல்வெட்டோ வீரன் பட்டதைச் சொல்கிறது. நாய் இறந்ததைச் சொல்லவில்லை. மாணவர் ஒரு விரிதாளில் கல்வெட்டு கூறுவது, உய்த்துணர்வது, பிறர் ஏற்றிச் சொல்வது என மூன்று நிரல்கள் இட்டு ஒவ்வொரு செய்தியையும் உரிய நிரலில் வைக்க வேண்டும். கள்ளர் பற்றிய குறிப்பைக்கொண்டு வீரனைக் கரந்தைத் திணைக்கு உரியவனாகக் கொள்ளலாமா என்னும் வினா, புறத்திணை இலக்கணத்தையும் இப்பயிற்சிக்குள் கொண்டுவரும்.

மூன்றாம் படி முரணை எதிர்கொள்ளுதல். இப்பயிற்சியில் மிகுதியான நேரத்தைப் பெற வேண்டியது இதுவே. மகேந்திரவர்மன் கி.பி. 600 முதல் 630 வரை ஆண்டான் என்று பல நூல்கள் குறிக்கின்றன, கி.பி. 590இல் ஆட்சி தொடங்கியதாகக் கூறுவனவும் உள. முதற்கணக்கின்படி 34ஆம் ஆட்சியாண்டுக்கு இடமில்லை. ஆட்சி 630இல் முடிந்ததெனின், அது 597க்குப் பின் தொடங்கியிருக்க இயலாது. அன்றேல், முடிவு 630க்குப் பிற்பட்டதாக வேண்டும். அல்லது இளவரசுக் காலமும் எண்ணப்பட்டிருக்க வேண்டும். அல்லது வாசிப்பில் பிழை இருக்க வேண்டும். மாணவர் இக்கருதுகோள்களைத் தாமே வரிசைப்படுத்திச் சோதிக்கலாம். ஆட்சியாண்டு எண்ணுருவில் அன்றிச் சொல்லால் எழுதப்பட்டிருப்பதால் வாசிப்புப் பிழைக்கு வாய்ப்புக் குறைவு என்பதை அவர்களே கண்டடைவர். மகேந்திரவர்மன் பெயர் தாங்கிய பிற நடுகற்களின் ஆட்சியாண்டுகளை விரிதாளில் தொகுத்து ஒப்பிட்டால் முடிவு மேலும் வலுப்பெறும்.

நான்காம் படி கள ஆய்வு. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்துகளும் துலங்கும். இவ்வட்டார நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. ஆகவே, ஊராரின் இசைவு பெறுவதும், சுண்ணக்கட்டியோ மாவோ பூசாதிருப்பதும் பாடத்தின் பகுதிகளாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியையும் இம்முறையில் பயன்படுத்தலாம். அது எழுதித் தரும் பத்தியின் ஒவ்வொரு தொடரையும் மேற்கூறிய மூன்று நிரல்களில் மாணவர் பிரித்தல் வேண்டும். அந்நிலையில் கருவியின் விடையும் ஆய்வுக்குரிய மற்றொரு சான்றாகிறது.

மதிப்பீடு

‘மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலம் யாது?’ என்னும் ஒரு மதிப்பெண் வினா ஒரே விடையை எதிர்பார்க்கிறது. முரணைக் கண்ட மாணவர் அங்குத் தயங்குவார். காணாதவர் முழு மதிப்பெண் பெறுவார். ‘தரப்பட்ட இரு காலக்கணக்குகளுள் எடத்தனூர்க் கல்வெட்டோடு பொருந்துவது எது? காரணம் கூறுக’ என வினா மாறினால், மதிப்பெண் காரணத்துக்கு உரியதாகும். தேர்வு மாறாதவரை இத்தகைய பயிற்சியை ஆசிரியர் தம் பாடவேளையைச் சுருக்கியே நடத்த நேரிடும்.

முடிவுரை

மேற்கூறிய படிகளுக்குக் கைப்பேசி, விரிதாள், மின்னூலகம் ஆகியவையே போதும்; விலைமிகு கருவிகள் தேவையில்லை. ஒன்றோடொன்று முரணும் சான்றுகளை மாணவர்முன் வைப்பதும், முடிவை முந்திச் சொல்லாது காத்திருப்பதும் ஆசிரியரின் பணியாகும். நடுகற்கள் மிகுந்த திருவண்ணாமலை மாவட்டத்தில் அத்தகைய சான்று மாணவரின் ஊர் எல்லையிலேயே கிடைக்கக்கூடும். பாடத்திட்டக் குழுவினரும் வினாத்தாள் அமைப்போரும் இதனைக் கருத்திற் கொள்வது பயன்தரும்.