ரப்பர் தவளையை விரால் ஏன் கவ்வுகிறது? கயாக்கில் மீன் பிடிக்கப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மண்புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரப்பர் தவளையைப் பாசி மேல் தத்தித் தத்தி இழுக்கிறார்கள். திடீரென்று தண்ணீர் வெடித்த மாதிரி சத்தம், தூண்டிலில் விரால்! மொபைலில் இப்படி வீடியோ பார்த்துவிட்டு, கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஆரணி பக்கத்து ஏரியில் இறக்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்.

ரப்பர் என்று சொன்னாலும் அது பெரும்பாலும் பிவிசிதான். தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிளாஸ்டிக்கில், அதை இளக்கும் ரசாயனத்தைச் சேர்த்து அச்சில் ஊற்றினால் 'சாஃப்ட் பிளாஸ்டிக்' இரை ரெடி. 1949-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவர் செய்த பிளாஸ்டிக் புழுவில் இருந்துதான் இது பிரபலமானது. பட்டு நெய்யும் ஊருக்கு இன்னொரு தகவல்: நைலான் வருவதற்கு முன்பு மேலை நாடுகளில் தூண்டில் நூலே பட்டில்தான் திரித்தார்கள்.

விரால் ஏன் ஏமாறுகிறது?

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அடிக்கடி மேலே வரும். பாசி, அல்லி இலைகளுக்கு அடியில் பதுங்கி, மேலே அசைவதைப் பாய்ந்து கவ்வும். சாதாரண தூண்டில் முள் அந்தப் பாசியில் சிக்கிக்கொள்ளும். தவளை இரையில் இரண்டு முள்களும் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். மீன் கடித்து அமுக்கும்போதுதான் உடல் நசுங்கி முள் வெளியே வரும். அதனால் கடித்த உடனே இழுக்காதீங்க. ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுங்க. பாசியோடு சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும் என்பதால் 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் நல்லது.

கயாக்கில் என்ன வித்தியாசம்?

கரையில் நின்றால் கால் ஊன்றி இழுக்கலாம். கயாக்கில் நீங்கள் மீனை இழுத்தால், மீன் உங்களை இழுக்கும். காற்று அடிக்கும் திசையில் இரையை வீசினால் படகும் அந்தப் பக்கமே நகரும், நூல் தொய்ந்துவிடும். வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் சின்ன நங்கூரம் போட வேண்டும். இன்னொன்று, பிடித்த மீன் துள்ளுவது உங்கள் மடியில்! மூன்று முனை முள் தொங்கும் கடின பிளாஸ்டிக் இரை அந்த இடத்தில் ஆபத்து. ஒற்றை முள் போட்ட மென் இரைதான் கைக்கும் தொடைக்கும் பாதுகாப்பு. முகத்துவாரத்தில் கொடுவா தேடுபவர்கள் 7 முதல் 14 கிராம் ஈயத்தலை முள்ளில் மீன் வடிவ மென் இரையைக் கோத்துப் போடலாம். ஏரிக்கு அந்த எடை தேவையில்லை, பாசிக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

இரைகளை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். வேறு வேறு நிற இரைகளை ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும். சாயப்பட்டறை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை!

இதைச் செய்யவே கூடாது

தண்ணீர் மேல் செந்நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கிறது. அங்கே தவளையைப் போட்டால் ஆவேசமாகக் கடிக்கும். பசியில் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. அதைப் பிடித்துவிட்டால் மொத்தக் கூட்டமும் மற்ற மீன்களுக்கு இரை. வீடியோக்களில் இதைச் சாமர்த்தியமாகக் காட்டுவதுதான் வேதனை. கிழிந்த இரையைத் தண்ணீரில் வீசுவதும் அப்படித்தான். அது மக்காது. விழுங்கிய மீனின் வயிற்றில் ஊதிக் கிடக்கும்.

அனுமதியும் ஆபத்தும்

பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரையும் ஊராட்சியையும் கேட்காமல் இறங்கினால் தகராறுதான். கமண்டல நதியின் செண்பகத்தோப்பு அணை என்றால் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் படகை இறக்க வேண்டாம்.

ஏரியில் முழங்கால் ஆழம்தானே என்று லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் விட்டுப் போகாதீர்கள். வண்டல் மண் அள்ளிய பள்ளம் மழைக்குப் பின் வெளியே தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் உயரத்துக்கு மேல் இருக்கலாம். கவிழ்ந்தவரின் காலில் பாசிக்கொடி சுற்றினால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம்தான். ஜாக்கெட்டை மாட்டி, வாரை இறுக்கி, கரையில் ஒருவரை நிறுத்திவிட்டுத் துடுப்பைப் போடுங்கள்.