ஸ்டியரிங் பிடித்தவரின் மனநிலை: கோர்ட் எப்போது கேட்கிறது?

ஆந்திராவின் சித்தூர், திருப்பதி பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மொகிலி, பாக்கராபேட்டை மலைப்பாதைகள் என்றாலே கொஞ்சம் பயம்தான். 2022 மார்ச்சில் பாக்கராபேட்டையில் நிச்சயதார்த்தக் கோஷ்டி சென்ற பேருந்து பள்ளத்தில் உருண்டது. 2024 செப்டம்பரில் மொகிலியில் அரசுப் போக்குவரத்துக் கழகப் (ஆர்.டி.சி.) பேருந்து லாரிகளோடு மோதியது. இவற்றுக்கும் மனநோய்க்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் விபத்து என்றதும் வேகமா, குடியா, பிரேக்கா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஓட்டியவரின் மனநிலை பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் கேள்வி நாடறிய எழுந்தது புனேயில். 2012 ஜனவரி 25 அன்று சுவார்கேட் டிப்போவிலிருந்து அரசுப் பேருந்து ஒன்றைக் கிளப்பிக்கொண்டு போன ஓட்டுநர் சந்தோஷ் மானே, வழியில் 9 பேரைக் கொன்றார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்று அவர் தரப்பு வாதாடியது, எடுபடவில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது.

காரணம், மருத்துவச் சீட்டு மட்டும் கோர்ட்டுக்குப் போதாது. என்ன செய்கிறோம், அது தவறா என்றே தெரியாத நிலையில் இருந்ததாகக் காட்ட வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவும் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவும் இதையே சொல்கின்றன. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

விடுதலை கிடைக்காவிட்டால் தண்டனையாவது குறையுமா? இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு மாற்றம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் முன்பு அதிகபட்சம் 2 ஆண்டு. அதனால் அது எளிய நடைமுறையில் நடக்கும் சம்மன் வழக்கு. தண்டனை பற்றி மாஜிஸ்திரேட் தனியாகக் கேட்டாக வேண்டும் என்ற விதி அதற்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டு; அதனால் கூடுதல் நடைமுறை கொண்ட வாரண்டு வழக்கு. தீர்ப்புக்குப் பின் தண்டனை பற்றி ஓட்டுநர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும். தண்டனையைக் கூட்டிய சட்டமே பேசவும் ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறது.

ஆனால் அங்கே நோயைக் காரணம் காட்டுவது இருபக்கமும் வெட்டும். வலிப்பு, மயக்கம் உண்டா என்று லைசென்ஸ் விண்ணப்பத்தின் படிவம் 1 கேட்கிறது. நோய் தெரிந்தும் மறைத்து ஓட்டியவருக்கு அந்த நோயே எதிர்ச்சாட்சி. உடலோ மனமோ தகுதியில்லை என்று தெரிந்தே ஓட்டினால், விபத்து நடக்காவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவில் முதல் முறைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். அபாயத்தோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை!

நோய் உண்மையானால் சிறை குறையலாம். லைசென்ஸ் மட்டும் திரும்பக் கூடாது. சித்தூர், திருப்பதி வக்கீல்கள் திருப்பதி ரூயா அரசு ஆஸ்பத்திரியின் மனநலச் சிகிச்சைப் பதிவுகளை அப்பீலுக்கென்று ஒதுக்கி வைக்காமல், தண்டனை விசாரணை நாளிலேயே மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டும்.