கண்ணுக்குத் தெரியாத சகபயணிகள் – 6: நான்கு டம்ளர், நான்கு விரல்

விமான நிலையத்தில் கிருமி மண்டிக் கிடக்கும் இடம் எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் கழிப்பறைப் பக்கம் கைகாட்டுவார்கள். பின்லாந்து ஆய்வாளர்களும் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2016-ல், குளிர்காலக் காய்ச்சல் பருவத்தில், ஹெல்சிங்கி விமான நிலையத்தின் பல இடங்களைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து 90 மாதிரிகள் எடுத்தார்கள். சளி, காய்ச்சல் வைரஸ்களின் தடயம் ஒன்பது மாதிரிகளில் இருந்தது. அதில் நான்கு எங்கிருந்து வந்தவை தெரியுமா? பாதுகாப்புச் சோதனையில் பெல்ட், பர்ஸ், செல்போன், ஷூ எல்லாவற்றையும் கழற்றிப் போடும் பிளாஸ்டிக் டிரேயிலிருந்து. சோதித்த டிரேக்களில் சரிபாதி! மருந்துக்கடையின் கார்டு மெஷின் பட்டன், மாடிப்படிக் கைப்பிடி, குழந்தைகள் கட்டிப்பிடித்து விளையாடும் பொம்மை நாய் ஆகியவற்றிலும் தடயம் இருந்தது.

கழிப்பறையின் மூடி, ஃபிளஷ் பட்டன், தாழ்ப்பாள்? ஒன்றில்கூட இல்லை.

அவர்கள் தேடியது மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்களை மட்டும்தான், வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளை அல்ல. கிடைத்ததும் வைரஸின் மரபணுத் தடயம்தான். அது உயிர்ப்போடு இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனாலும் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கழிப்பறையைத் தினமும் பலமுறை கழுவுகிறார்கள். உள்ளே போகிறவரும் எதையும் தொடக் கூசுகிறார், வெளியே வரும்போது கையைக் கழுவுகிறார். டிரே அப்படியில்லை. ஒருவர் தும்மிய கையோடு அதைத் தள்ளுவார், அடுத்தவர் ஷூவை வைப்பார், மூன்றாமவர் குழந்தையின் பால்புட்டியை வைப்பார். பிறகு மூவரும் நேராகக் காபிக் கடைக்குப் போவார்கள்.

பயம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில். வெளியூர்ப் பயணத்திலும் ஹோட்டல் சாப்பாட்டிலும் இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

பயணிகளைப் பாடாய்ப்படுத்தும் வயிற்றுக் கிருமிகளில் ஒன்று நோரோவைரஸ். 2010-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்திலிருந்து, 13, 14 வயதுச் சிறுமிகளின் கால்பந்து அணி ஒன்று பக்கத்து மாநிலமான வாஷிங்டனுக்குப் போட்டிக்குப் போனது. விடுதியில் ஒரு சிறுமிக்கு ராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. தோழிகளுக்குத் தொற்றக்கூடாது என்று, துணைக்கு வந்திருந்த பெண்மணியின் அறைக்கு அவளை மாற்றினார்கள். விடிந்ததும் ஊருக்கே அழைத்துப்போய்விட்டார்கள். இதைவிட எச்சரிக்கையாக யாரும் நடந்துகொண்டிருக்க முடியாது. ஆனால், அவள் வாந்தியெடுத்த குளியலறையில் ஒரு மூலையில் மளிகைப் பை ஒன்று இருந்தது. உள்ளே பிஸ்கட், சிப்ஸ், திராட்சை. மறுநாள் மதியம் அதை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் ஏழு பேர் படுத்தார்கள்.

நோயுற்ற சிறுமி அந்தப் பையைத் தொடவே இல்லை. வாந்தியிலிருந்து கிளம்பிய நுண்திவலைகள் காற்றில் மிதந்து பையின்மேல் படிந்திருந்தன. இரண்டு வாரம் கழித்துப் பையைச் சோதித்தபோதும் வைரஸின் தடயம் அப்படியே இருந்தது. இருபதுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே வயிறு புரளலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னொரு சங்கடம்: கைப்பையில் எல்லோரும் வைத்திருக்கும் சானிடைசர் நோரோவைரஸிடம் பெரிதாக எடுபடாது. கொரோனா, ஃப்ளூ வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. சோப்பு போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவிக் கையிலிருந்து அதை அப்புறப்படுத்துவதுதான் வழி.

கையால் பிசைந்து சாப்பிடும் ஊரில் இது கூடுதல் முக்கியம். ஹோட்டலின் கைகழுவும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சாப்பிட வருகிறவர் விரல் நுனியை நனைத்து உதறிவிட்டுப் போய்விடுவார். சாப்பிட்டு முடித்தவர்தான் சோப்பைத் தேடுவார், எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமே! முன்னதாகக் கழுவியவரும் இலை போடுவதற்குள் செல்போனை எடுத்து இரண்டு தள்ளு தள்ளிவிடுவார். பஸ் கம்பி, டிக்கெட், சில்லறை எல்லாம் தொட்ட விரல்கள்தான் அந்தத் திரையையும் தொட்டிருக்கின்றன.

சப்ளையர் தண்ணீர் கொண்டுவரும் லாவகம் தனி. ஒரே கையில் நான்கு டம்ளர். ஒவ்வொன்றிலும் ஒரு விரல், தண்ணீரில் முங்கியபடி. அதே கைதான் சற்று முன் எச்சில் தட்டை எடுத்தது, ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தது. காலையிலிருந்து எத்தனை மேஜையைப் பார்த்த துணி என்பதை அதன் வாடையே சொல்லிவிடும். உஷாரானவர்கள் டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள். முந்தைய ஆளின் எச்சிலுக்கு அது தக்க காப்பு. உள்ளே முங்கி வந்த விரலை அது என்ன செய்யும்?

டம்ளர் விஷயத்தில் ஒரு மாநிலமே சட்டம் போட்ட கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில்களிலும் பள்ளிகளிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தகரக் குவளை இருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதில்தான் வாய் வைத்துக் குடித்தார்கள். காசநோயாளி குடித்துவிட்டு வைத்த குவளையில் அடுத்து ஒரு குழந்தை குடிப்பதை ரயிலில் பார்த்துப் பதறியவர், கான்ஸஸ் மாநில சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன். 1909-ல் பொதுக்குவளைக்கு அங்கே தடை வந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பாஸ்டன் வழக்கறிஞர் லாரன்ஸ் லூலன் உருவாக்கிய காகிதக் கோப்பைக்கு அடித்தது யோகம். ‘ஹெல்த் கப்’ என்று விற்ற அது, 1919-ல் ‘டிக்ஸி கப்’ ஆனது. இன்று டீக்கடைக் குப்பைத்தொட்டியில் குவியும் காகிதக் கப்புகளின் முன்னோடி அதுதான்.

டம்ளரில் விரல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும், வேறு டம்ளர் கேட்கலாம். சட்னியின் வயது கண்ணுக்குத் தெரியாது.

உணவில் கிருமிகள் பெருகத் தோதான வெப்பம் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. அதற்குள் சரியான சூழல் அமைந்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இட்லிப் பானையிலிருந்து ஆவி பறக்க எடுத்த இட்லியிடம் பயம் இல்லை. காலையில் அரைத்து, கல்லாப் பக்கம் வாளியில் மதியம்வரை வெயிலில் காயும் தேங்காய்ச் சட்னியிடம் உண்டு. வடித்து வெளியே வைத்த சோற்றை மாலையில் கடாயில் புரட்டி ஃபிரைட் ரைஸாகக் கொடுத்தால் சூடாகத்தான் இருக்கும். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதற்குள் உண்டாக்கிவிட்ட நச்சு அந்தச் சூட்டில் அழியாது.

காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 2022-ல் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுச் சிறுமி இறந்தார். ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. 2025 ஏப்ரலில் தமிழக அரசு, ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருந்தால், அதைக் கொல்ல மயோனைஸ் அடுப்பேறுவதே இல்லை. தள்ளுவண்டியில், குளிர்சாதனம் இல்லாமல், பாட்டிலில் மணிக்கணக்காக அது நின்றால் கேட்கவே வேண்டாம்.

கையும் சுத்தம், சாப்பாடும் சூடு. அப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறது.

2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். குவாங்சூ நகர உணவகம் ஒன்றின் மூன்றாவது மாடியில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேஜைகளில் மதிய உணவு சாப்பிட்டன. ஒரு குடும்பம் முந்தைய நாள்தான் வூஹானிலிருந்து வந்திருந்தது. மேஜைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளி. ஆனால் ஜன்னல் இல்லாத அறை, ஏ.சி. அதே காற்றை அந்த மூன்று மேஜைகளின் மேலேயே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேருக்குக் கொரோனா. அதே தளத்தில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கும், பரிமாறிய எட்டுப் பேருக்கும் ஒன்றுமில்லை. பிறகு ஆராய்ந்தபோது, அங்கே ஒருவருக்கு நொடிக்குச் சுமார் ஒரு லிட்டர் புதுக்காற்றுதான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 10 லிட்டர். ஏ.சி. ஹாலுக்குக் கூடுதல் காசு கொடுப்பவர் வாங்குவது குளிர்ச்சியைத்தான். புதுக்காற்று பல சமயம் ஜன்னல் திறந்த சாதா ஹாலில்தான் இருக்கிறது.

விமானத்துக்கும் இதே கணக்கு. 1977-ல் அலாஸ்காவில், என்ஜின் கோளாறால் ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டக் கருவி ஓடவில்லை. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். பறக்கும்போது நிலைமை நேர்மாறு. இன்றைய பெரிய விமானங்களில் காற்று மணிக்கு இருபது தடவைக்கு மேல் மாறுகிறது, வடிகட்டி வழியாகவும் போய் வருகிறது. முகக்கவசம் அதிகம் உதவுவது ஏறும் வரிசையிலும், கதவு மூடி நிற்கும் நேரத்திலும்தான்.

ரயிலுக்கு வந்தால் கம்பளி. ஏ.சி. பெட்டியில் தரும் கம்பளியை மாதத்துக்கு ஒருமுறையாவது சலவை செய்கிறோம் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2024 நவம்பரில் மக்களவையில் எழுத்துமூலம் பதில் சொன்னார். கம்பளிக்கு உறைபோலப் பயன்படுத்தத்தான் கூடுதலாக ஒரு விரிப்பு தரப்படுகிறது என்றும் அந்தப் பதிலில் இருக்கிறது. பொட்டலத்துக்குள் இரண்டு விரிப்பு இருப்பது அதற்காகத்தான்: ஒன்று மெத்தைமேல், மற்றொன்று உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில். பாதிப் பேர் இரண்டாவதைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இனி ஜூஸ் கடை. மீன் பெட்டிக்குப் போகும் ஐஸையும் சர்பத்துக்குப் போகும் ஐஸையும் கண்ணால் பிரித்தறிய முடியாமல், முதலாவதற்கு நீலச் சாயம் கலக்கச் சொல்லி மகாராஷ்டிர அரசு 2018-ல் உத்தரவிட்டது. அந்த நீல ஐஸ் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)