துப்பாக்கி ஏந்திய பொதுமக்களால் தாக்குதலைத் தடுக்க முடியுமா?

அமெரிக்காவில் பொது இடத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி எழுகிறது: "அங்க இருந்த யாராவது ஒருத்தர் கையில துப்பாக்கி இருந்திருந்தா?" சில சமயம் உண்மையிலேயே இருந்திருக்கிறது. அப்போது என்ன ஆனது?

15 வினாடி

2022 ஜூலை 17. இண்டியானா மாநிலத்தின் கிரீன்வுட் பார்க் கடைத்தொகுதி. கழிப்பறையிலிருந்து வெளியே வந்த ஓர் ஆடவர், மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பகுதியில் சுடத் தொடங்கினார். மூவர் உயிரிழந்தனர்.

அங்கு தோழியுடன் வந்திருந்த 22 வயது இளைஞரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. சுமார் 36 மீட்டர் தூரத்திலிருந்து 10 முறை சுட்டார். 8 தோட்டாக்கள் தாக்குதல்காரர் மீது பட்டன. சுட்டுக்கொண்டே, மற்றவர்களைத் தமக்குப் பின்னால் வெளியேறும்படி கைகாட்டினார். தாக்குதல்காரர் வெளியே வந்ததிலிருந்து கீழே விழும்வரை ஆன நேரம் 15 வினாடி.

அந்த இளைஞர் காவல்துறையிலோ ராணுவத்திலோ பயிற்சி பெற்றவர் அல்லர். சுடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. உரிமம் இல்லாமலேயே துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டம் இண்டியானாவில் நடப்புக்கு வந்து 3 வாரம்கூட ஆகவில்லை. கடைத்தொகுதிக்குள் ஆயுதம் கொண்டுவரக்கூடாது என்பது வளாகத்தின் விதி. "அவர் விதியைப் பின்பற்றியிருந்தால் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்?" என்று துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான்.

அடிக்கடி நடக்கிறதா?

இல்லை.

டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'அலர்ட்' நிலையம் 2000 முதல் 2021 வரை நடந்த 433 தாக்குதல்களைப் பதிவுசெய்துள்ளது. அவற்றில் 249 தாக்குதல்கள் காவல்துறை வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் தாக்குதல்காரர் தப்பியோடினார் அல்லது தம்மையே சுட்டுக்கொண்டார்.

அங்கிருந்தவர்கள் தடுத்து நிறுத்தியவை 64. அதைப் பிரித்துப் பாருங்க:

- 42 தாக்குதல்களில் வெறுங்கையால் மடக்கிப் பிடித்தார்கள்.
- 22 தாக்குதல்களில் சுட்டு நிறுத்தினார்கள். அந்த 22 பேரில் 7 பேர் பாதுகாவலர்கள், 3 பேர் வேலை நேரத்தில் இல்லாத காவல்துறை அதிகாரிகள். சாதாரணப் பொதுமக்கள் 12 பேர்.

அதாவது 433-இல் 12. ஏறக்குறைய 3 விழுக்காடு.

இந்தக் கணக்கை எல்லாரும் ஏற்றுக்கொள்வதில்லை. துப்பாக்கி உரிமைக்கு ஆதரவாக எழுதிவரும் ஆய்வாளர் ஜான் லாட், பொதுமக்கள் தலையிட்ட பல சம்பவங்கள் இத்தகைய பட்டியல்களில் விடுபட்டுப்போவதாக வாதிடுகிறார். துப்பாக்கிக்குத் தடையுள்ள இடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் விழுக்காடு குறைவாகத்தானே தெரியும் என்பதும் அவர் தரப்பு வாதம். எதை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஆனால் கிரீன்வுட்டில் நடந்தது வழக்கமான ஒன்று என்று சொல்ல முடியாது.

யார் நல்லவர், யார் கெட்டவர்?

2021 ஜூன் 21. கொலராடோ மாநிலத்தின் அர்வாடா நகரம். ஓர் ஆடவர் காவல்துறை அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அருகிலிருந்த கடையிலிருந்து வெளியே ஓடிவந்த 40 வயது நபர், தம்முடைய கைத்துப்பாக்கியால் தாக்குதல்காரரைச் சுட்டு வீழ்த்தினார்.

பிறகு கீழே கிடந்த தாக்குதல்காரரின் நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வெளியே வந்த இன்னொரு காவல்துறை அதிகாரிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சற்றுமுன் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, இதோ ஒருவர் துப்பாக்கியுடன் நிற்கிறார். அதிகாரி சுட்டார். பலரின் உயிரைக் காப்பாற்றியவர் இறந்துபோனார்.

நகரக் காவல்துறைத் தலைவரே அவரை நாயகன் என்று புகழ்ந்தார். சுட்ட அதிகாரிமீது குற்றம் சுமத்தப்படவில்லை. அந்த நொடியில் அவர் நம்பியது நியாயமானதே என்று அரசாங்க வழக்கறிஞர் முடிவெடுத்தார்.

இரண்டு முடிவும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். பிரச்சினையே அதுதான். குழப்பத்துக்கு நடுவில் துப்பாக்கியுடன் நிற்பவர் யார் என்பது அவர் முகத்தில் எழுதியிருக்காது.

இன்னும் இரண்டு சம்பவங்கள்:

2014 ஜூன், லாஸ் வேகஸ். வால்மார்ட் கடையில் துப்பாக்கிக்காரரைப் பார்த்த 31 வயது வாடிக்கையாளர், தம்முடைய துப்பாக்கியுடன் அவரை நெருங்கினார். தாக்குதல்காரருடன் வந்த அவருடைய மனைவி பின்னால் இருந்தது வாடிக்கையாளருக்குத் தெரியாது. அந்த மாது அவரைச் சுட்டுக் கொன்றார்.

2017 நவம்பர், கொலராடோவின் தோர்ன்டன் நகரம். வால்மார்ட்டில் ஒருவர் மூவரைச் சுட்டுக் கொன்றபோது, கடையிலிருந்த பலர் தங்கள் துப்பாக்கியை வெளியே எடுத்தனர். யாரும் திருப்பிச் சுடவில்லை. ஆனால் கண்காணிப்புக் கேமராப் பதிவில் துப்பாக்கியுடன் பலர் தெரிந்ததால், உண்மையான சந்தேக நபரை அடையாளம் காணக் காவல்துறைக்குப் பல மணி நேரம் ஆனது.

அப்போ, பயிற்சி கொடுத்தா போதுமா?

தேசிய சேவையில் சுட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். பயிற்சிக்களத்தில் குறிப்பலகை திருப்பிச் சுடாது. அதற்கும் உங்களுக்கும் நடுவில் குழந்தைகள் ஓட மாட்டார்கள். எப்போது சுட வேண்டும் என்று கட்டளை வரும்.

உண்மைத் தாக்குதலில் இதயம் படபடக்கும். பார்வை குறுகிப்போகும், பக்கவாட்டில் நடப்பது கண்ணில் படாது. கை நடுங்கும். இத்தனைக்கும் நடுவில் குறி பார்ப்பது மட்டும் போதாது. குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தப்பிய தோட்டா எங்கேயோ போய்ப் படத்தான் செய்யும்.

பயிற்சி பெற்றவர்களுக்கே இது எவ்வளவு கடினம்? நியூயார்க் காவல்துறையைப் பற்றி 'ராண்ட்' ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். எதிரில் இருப்பவரும் சுடும்போது, அதிகாரிகள் சுட்ட தோட்டாக்களில் சுமார் 18 விழுக்காடுதான் குறியில் பட்டன.

திறமையானவர்களும் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் டெக்சஸின் வைட் செட்டில்மென்ட் நகரத் தேவாலயத்தில் ஒருவர் இருவரைக் கொன்றார். 6 வினாடிகளில் அவரை ஒரே தோட்டாவில் வீழ்த்தியவர் தேவாலயப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். துப்பாக்கிப் பயிற்றுவிப்பாளர், முன்னாள் துணைக் காவலர். அவரைச் சாதாரணப் பொதுமக்களில் ஒருவராக எண்ண முடியாது.

அமெரிக்காவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், பெரியவர் ஒருவர் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். பயிற்சி கட்டாயமில்லை. ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்திருக்க முன்பு 700 மணி நேரத்துக்கும் அதிகமான பயிற்சி தேவைப்பட்டது. 2022-இல் வந்த சட்டம் அதை அதிகபட்சம் 24 மணி நேரமாகக் குறைத்தது. கிராமப்புறப் பள்ளிகளுக்குக் காவல்துறை வந்துசேர நேரமாகும் என்பது ஆதரவாளர்களின் வாதம். 24 மணி நேரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று ஆசிரியர் சங்கங்களும் காவல்துறைச் சங்கமும் கேட்டன.

பயிற்சியும் ஆயுதமும் இருந்தும் நிறுத்த முடியாமல் போனதும் உண்டு. 2022 மே 24, டெக்சஸின் யூவால்டி தொடக்கப்பள்ளிக்கு 376 அதிகாரிகள் வந்தனர். தாக்குதல்காரரை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் மாண்டனர்.

வெறுங்கையால் தடுத்தவர்கள்

மேலே சொன்ன 42 தாக்குதல்களை மறந்துவிடாதீர்கள். 2018-இல் நேஷ்வில் நகர வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் நால்வர் கொல்லப்பட்டனர். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் மறைந்திருந்த 29 வயது வாடிக்கையாளர், சுடுவது ஒரு கணம் நின்றதும் பாய்ந்து, சூடாக இருந்த துப்பாக்கிக் குழாயைப் பிடித்துப் பறித்தார். கை வெந்துபோனது. தாம் நாயகன் இல்லை, உயிர் பிழைக்க நினைத்ததாகவே பிறகு சொன்னார்.

இதுவும் எல்லாரும் செய்யக்கூடியது அல்ல. அதனால்தான் அமெரிக்க அதிகாரிகள் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையே வேறு: முதலில் ஓடுங்கள், முடியாவிட்டால் ஒளிந்துகொள்ளுங்கள், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் எதிர்த்துப் போராடுங்கள்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சிங்கப்பூரில் துப்பாக்கியுடன் வெளியே போக முடியாது. காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு ஒருவர் சுட்டால் அதற்கு மரண தண்டனை. 2016-இல் தொடங்கிய எஸ்ஜிசெக்கியூர் இயக்கம் சொல்லும் முதல் இரண்டு படிகளும் அமெரிக்காவில் சொல்வதேதான்: ஓடுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள். மூன்றாவதுதான் வேறு: 999-ஐ அழைத்துத் தகவல் சொல்லுங்கள்.

அதோடு இன்னொன்றையும் அது சொல்லிக்கொடுக்கிறது. ரத்தம் கொட்டும் காயத்தை அழுத்திப் பிடிப்பது, துணியால் கட்டுவது. அமெரிக்காவிலும் 2015 முதல் அதற்கென ஓர் இயக்கம் நடக்கிறது. தாக்குதல் நின்ற பிறகும் ரத்தப்போக்கால் மக்கள் இறக்கிறார்கள்.

கிரீன்வுட் இளைஞரின் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. அர்வாடாவில் இறந்தவரும் அதே அளவு துணிச்சலானவர்தான். அவரும் சரியாகத்தான் குறிபார்த்தார். இருவரில் ஒருவர் மட்டும் வீடு திரும்பினார்.