அமிர்தி காட்டில் கூண்டுக்கு வெளியே ஒரு பறவைக் கூட்டம்!
பெயர் தெரியாமலே திரும்பும் பார்வையாளர்கள். அடையாளம் காணச் சுலப வழிகள்

வேலூர்,

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள அமிர்தி வன உயிரியல் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கூண்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். கூண்டுக்கு வெளியே, தலைக்கு மேலே, காசில்லாமல் பாட்டுக் கச்சேரி நடத்தும் பறவைகளை யாரும் கவனிப்பதில்லை.

"அப்பா, அது என்ன பறவை?" என்று பிள்ளை கேட்கும். "அது ஏதோ ஒரு குருவிடா, வா வா, நேரமாச்சு" என்று அப்பா இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த "ஏதோ ஒரு குருவி"க்குப் பெயர் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமான வித்தை அல்ல. இதுபற்றிய விவரம் வருமாறு:-

25 கிலோ மீட்டர்

வேலூரில் இருந்து கணியம்பாடி வழியாக சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ம் ஆண்டு இங்கு பூங்கா திறக்கப்பட்டது. பரப்பளவு 25 எக்டேர். பூங்காவைச் சுற்றிலும் காடு. மழைக் காலத்தில் அருவியில் தண்ணீர் கொட்டும். ஆற்றோரம் பெரிய மரங்கள், மேலே புதர்க்காடு, அதற்கும் மேலே பாறை. இப்படி மூன்று விதமான இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், மூன்று விதமான பறவைகளையும் ஒரே காலைப் பொழுதில் எதிர்பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று ஜோடி ஜோடியாக விற்கிறார்களே, அந்தச் சின்னக் கிளி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அது நம் ஊர்க் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு முருங்கை மரத்தில் வந்து உட்காரும் நம் நாட்டுப் பறவையின் பெயர்தான் தெரியாது!

நாலே கேள்வி

ஒரு பறவையைப் பார்த்ததும் நாலு கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறார்கள் பறவை ஆர்வலர்கள்.

முதல் கேள்வி: எவ்வளவு பெரியது? இதற்கு அளவுகோல் தேவை இல்லை. சிட்டுக்குருவி, மைனா, புறா, காக்கை, பருந்து ஆகிய ஐந்தும் எல்லோருக்கும் தெரியும். பார்த்த பறவை மைனாவைவிடப் பெரிதா, சிறிதா என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது: அலகு எப்படி? மீன் பிடிப்பதற்கு நீண்ட அலகு. தானியம் கொறிப்பதற்குக் குட்டைத் தடி அலகு. தேன் உறிஞ்ச வளைந்த ஊசி அலகு. சதை கிழிக்கக் கொக்கி அலகு. அலகைப் பார்த்தால் சாப்பாடு தெரியும்.

மூன்றாவது: எங்கே, என்ன செய்கிறது? தரையில் நடக்கிறதா, மரத்தில் ஏறுகிறதா, கம்பியில் உட்கார்ந்து காத்திருக்கிறதா?

நான்காவது: எப்படிக் கத்துகிறது? காட்டில் கண்ணைவிடக் காதுதான் அதிகம் வேலை செய்யும்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். வெயில் பட்டால் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு நிறம்.

ஆள் மாறாட்டம்

வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி நடக்கும் "ஆள் மாறாட்டங்கள்" இவை:-

மரங்கொத்தி என்று பலர் கைகாட்டும் பறவை உண்மையில் கொண்டலாத்தி. தலையில் விசிறி போல விரியும் கொண்டை, இறக்கையில் கறுப்பு-வெள்ளைப் பட்டை. இது மரத்தைக் கொத்தாது. தரையில் நடந்து, நீண்ட அலகை மண்ணுக்குள் விட்டுப் புழுவை எடுக்கும். நிஜ மரங்கொத்தி அடிமரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறும். அதில் பொன்முதுகு மரங்கொத்திக்கு முதுகு தங்கம், கொண்டை சிவப்பு. சிரிப்பது போலக் கத்திக்கொண்டே பறக்கும்.

மின்சாரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் நீலப் பறவையைப் பார்த்து, "இங்க எங்கப்பா மீனு இருக்கு? மீன்கொத்தி வந்து உட்கார்ந்திருக்கே!" என்பார்கள். அது பனங்காடையாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும். எழுந்து பறந்தால் போதும், இறக்கையில் இரண்டு விதமான நீலம் பளிச்சிடும். பட்டுப்போன பனைமரப் பொந்தில் கூடு வைப்பதால் இந்தப் பெயர்.

அப்படியே அது வெண்தொண்டை மீன்கொத்தியாக இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. பெயர்தான் மீன்கொத்தி. தண்ணீரே இல்லாத இடத்திலும் ஓணான், வெட்டுக்கிளி பிடித்துத் தின்று நிம்மதியாக வாழும். காப்பிக் கொட்டை நிறத் தலை, வெள்ளைத் தொண்டை, தடித்த சிவப்பு அலகு ஆகியவை அடையாளம்.

குயிலும் செம்போத்தும் அடுத்த ஜோடி. ஆண் குயில் முழுக் கறுப்பு, சிவப்புக் கண். செம்போத்துக்கும் சிவப்புக் கண்தான். ஆனால் அதன் இறக்கை செங்கல் நிறம். புதருக்குள் தரையில் நடந்து போகும். "ஊப் ஊப்" என்று அடித் தொண்டையில் கத்தும்.

இன்னொரு விஷயம். "கூ... கூ..." என்று பாடுவது ஆண் குயில். பெண் குயிலின் உடம்பு பழுப்பு. அதில் வெள்ளைப் புள்ளிகள். அதற்கு அந்தப் பாட்டு வராது. பலர் அதைக் குயில் என்றே ஒத்துக்கொள்வது இல்லை!

தட்டாரப் பறவை

கோடைக் காலத்தில் ஆலமரம், அரசமரத்தின் உச்சியில் இருந்து "டொக்... டொக்... டொக்..." என்று செம்புக் குடத்தைத் தட்டுவது போல ஒரே தாளத்தில் சத்தம் வரும். அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலைக்குள் இலையாக உட்கார்ந்திருக்கும் அது, குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி. அத்திப் பழம், ஆலம் பழம் என்றால் உயிர்.

இரட்டைவால் குருவி பலே கில்லாடி. உடம்பு முழுக்கக் கறுப்பு, வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். தன் கூட்டுப் பக்கம் காக்கை வந்தாலும் சரி, பருந்து வந்தாலும் சரி, துரத்தித் துரத்திக் கொத்தும்.

ஆற்றோர மரநிழலில் அதிர்ஷ்டம் இருந்தால் அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்க்கலாம். ஆண் பறவைக்கு வெள்ளை உடம்பு, கறுப்புக் கொண்டை, ரிப்பன் போல நீண்ட வெள்ளை வால். இளம் ஆணும் பெண்ணும் செம்பழுப்பு நிறம். பெண்ணுக்கு நீண்ட வால் கிடையாது.

குளிர்காலத்தில் வடக்கே இருந்து ஒரு விருந்தாளி வரும். பெயர் ஆறுமணிக் குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று கடிகாரம் பார்த்தது போலக் கத்துவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பில் பல வர்ணம் இருந்தும், தரையில் சருகுக்குள் ஒளிந்து திரிவதால் கண்ணில் படுவது கஷ்டம்.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். மரகதப் புறா! பச்சை இறக்கை, சிவப்பு அலகு. காட்டுப் பாதையில் தரையில் இரை பொறுக்கும். ஆள் வந்தால் அம்பு போலத் தாழ்வாகப் பறந்து மறைந்துவிடும்.

தென்னிந்தியாவின் சொத்து

சின்னான் என்ற கொண்டைக் குருவி எல்லோருக்கும் தெரிந்தது. உருது பேசும் வீடுகளில் இதையே "புல்புல்" என்பார்கள். வாலுக்கு அடியில் சிவப்பு இருந்தால் அது சாதாரணச் சின்னான். கன்னத்திலும் சிவப்பு மீசை இருந்தால் மீசைச் சின்னான். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு இருந்தால் வெண்புருவச் சின்னான்.

நாலாவதாக ஒன்று உண்டு. அதுதான் மஞ்சள் தொண்டைச் சின்னான். சாம்பல் உடம்பு, மஞ்சள் தொண்டை, கொண்டை கிடையாது. உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் இது இருக்கிறது. பாறையும் புதரும் கலந்த குன்றுகள்தான் இதற்கு வீடு. கர்நாடகத்தின் நந்தி மலை, ஆந்திராவின் ஹார்ஸ்லி மலை ஆகிய இடங்களில் இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். சென்னை மாகாணத்தில் ராணுவ டாக்டராக இருந்த ஜெர்டான் 19-ம் நூற்றாண்டில் இந்தப் பறவையை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இது இப்போது ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. கல் குவாரிக்குப் பாறையை உடைத்தால் இதன் வீடு போய்விடும். பெயர் தெரியாவிட்டால் "ஏதோ ஒரு சின்னான்" என்று விட்டுவிடுவோம். போனதே தெரியாமல் போய்விடும்.

கழுகு எங்கே?

வானத்தில் வட்டமிடுவதை எல்லாம் "கழுகு" என்பது நம் ஊர் வழக்கம். வால் நுனி உள்வாங்கிக் கவை போல இருந்தால் அது கள்ளப் பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் உடம்பு, வட்ட வால் இருந்தால் அது செம்பருந்து, கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்தக் கருடன்.

செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு வேறு. அதற்குப் பாறு என்று பெயர். தோலை உரித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போட்ட மாட்டைக் கொஞ்ச நேரத்தில் எலும்பாக்கிவிடும் துப்புரவாளர் அது. தோல் தொழிலே பிழைப்பான ஊர்களில் இந்தச் சேவையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

1990-களில் இந்தியா முழுவதும் இவை கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 100-க்கு 99-க்கு மேல் அழிந்துவிட்டது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் எமன் என்பது 2004-ல் தெரியவந்தது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பறவையின் சிறுநீரகம் கெட்டுப்போனது. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று பாறு கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நீலகிரி அடிவாரத்தில் உள்ள மோயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

பருந்தையும் பாறுவையும் ஒன்றாக நினைத்த ஊரில், ஒன்று குறைந்து போனதை யார் கண்டார்கள்?

பாலாற்றுக் கணக்கு

அமிர்தியில் இருந்து இறங்கி, பாலாற்றுப் பக்கம் வந்தால் கதை வேறு.

தோல் கழிவுநீர் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் இடம் பெற்றது. 2025 ஜனவரி 30-ந் தேதியும் பாலாறு மாசு குறித்து சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் கடுமையான உத்தரவு பிறப்பித்தது.

இதில் பறவைக்கு என்ன வேலை?

"கொக்கு நிக்குதே, தண்ணி நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட முடியாது. நெட்டைக் காலில் நிற்கும் நெடுங்கால் உள்ளான் சாக்கடைத் தண்ணீரிலும் இரை தேடும். கறுப்பு-வெள்ளை மீன்கொத்தி அப்படி அல்ல. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, உள்ளே ஓடும் மீனைக் கண்ணால் பார்த்துத்தான் பாயும். தண்ணீர் கலங்கினாலோ, மீன் செத்தாலோ அது அங்கே நிற்காது. ஏரிக்கரையில் எந்தப் பறவை நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தால், தண்ணீரின் யோக்கியதையும் ஓரளவு தெரியும்.

கூண்டில் வைத்தால் சிறை

பச்சைக்கிளியை (உருதுவில் "தோதா") கூண்டில் வளர்ப்பதைப் பலர் குற்றம் என்றே நினைப்பதில்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கவுதாரி, காடை, முனியா எதைப் பிடித்தாலும் வம்புதான். "லவ் பேர்ட்ஸ்" வெளிநாட்டுப் பறவை என்பதால் கடையில் விற்கிறார்கள். நாட்டுப் பறவை எது, வெளிநாட்டுப் பறவை எது என்று தெரிந்துகொள்வது பாக்கெட்டுக்கும் நல்லது!

ஒரு குருவி செய்த வேலை

இந்தியாவின் பறவை மனிதர் எனப் புகழப்படும் சலீம் அலி (1896-1987) சிறுவனாக இருந்தபோது, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. "இது என்ன குருவி?" என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். அங்கிருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் அதன் பெயரைச் சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பறவைகளைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் விற்பனையாகிறது.

கவனிக்க வேண்டியவை

பறவை பார்க்கக் காலை நேரம்தான் உகந்தது. வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். பச்சை, பழுப்பு, காக்கி நல்லது. டிரான்சிஸ்டர், செல்போன் பாட்டு கூடாது. கூட்டுப் பக்கம் போகக் கூடாது. ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். பைனாகுலர் இருந்தால் ரொம்ப விசேஷம். பறவையின் குரலைக் கேட்டே பெயர் சொல்லும் செல்போன் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் அவையும் சில சமயம் தப்பாகச் சொல்லும். கண்ணால் பார்த்த பிறகு எழுதுவதே நல்லது.

2015-ல் இருந்து ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் "பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு" நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. வீட்டு மொட்டை மாடி, ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம், அமிர்தி காடு என எங்கிருந்தும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் "இ-பேர்டு" என்ற இணையதளத்தில் பதிவு செய்யலாம்.